சட்டையின் முதுகில் ஒரு பெயர்

டயகம
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை பூரணி எழுதிக்கொள்வது. அப்பா, நான், உங்கள் மச்சான் நிரஞ்சன், சின்னவள் ரூபிகா எல்லோரும் சுகம். மழைக்குத்தான் எங்களை விட்டுப் போக மனமில்லை. உங்கள் கழுத்து இப்போது எப்படி இருக்கிறது?

ரக்பியை விட்டு ஓய்வு பெற்றுவிட்டதாக நீங்கள் எழுதிய கடிதத்தை அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக் களத்தில் நின்று, "எம் மகன் ஜப்பான்காரனுக்கு முட்டிக் குடுத்தது போதும். இனிமே ஊருக்கு வந்துருவான்" என்று சொன்னாராம். காது கேட்காதவருக்குத் தன் குரலின் அளவு தெரியாதே. துரை பங்களா வரைக்கும் கேட்டிருக்கும்.

நீங்கள் போனில் என்னோடு பேசினால் அவருக்குக் கோபம் வருகிறது. "எனக்குக் கேக்காத கதைய எதுக்கு வீட்டுல பேசுறீங்க? எழுதச் சொல்லு, நானே படிச்சுக்கிறேன்" என்கிறார். ஆகவே இந்தக் காலத்திலும் நாம் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய செய்தி ஒன்று. தோட்டத்தில் வீடு கட்டக் குடும்பத்துக்குப் பத்து பேர்ச் காணி பிரித்து உறுதிப் பத்திரம் கொடுக்கப் போகிறார்கள். நமக்குக் கோயிலுக்கு மேலே, தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்துத் துண்டு. உறுதியில் எழுத வீட்டுக்கு ஒருவர் பெயர் கேட்கிறார்கள். அப்பா உங்கள் பெயர்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் எனாமல் கோப்பை அதே ஆணியில் தொங்குகிறது. ரூபிகா கேட்டு அழுதாலும் அப்பா தொட விடுவதில்லை.

அன்புத் தங்கை,
பூரணி


ஃபுகுவோகா
1 ஜூலை 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். அப்பாவுக்கு என் வணக்கம். மச்சானையும் ரூபிகாவையும் விசாரித்ததாகச் சொல்.

கடைசி ஆட்டத்தைப் பற்றி அப்பா கேட்பார், சொல்லு. மழையில் விளையாடினோம், தோற்றோம். பந்தோடு ஓடுகிறவனைத்தான் எல்லோரும் படம் பிடிப்பார்கள். என் இடம் இரண்டாம் வரிசை. முன்னால் நிற்கிற இரண்டு பேருடைய தொடைகளுக்கு நடுவே தலையைக் கொடுத்துத் தள்ள வேண்டும். பதினாறு பேர் முட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்கு உலகத்தில் தெரிவது புல் மட்டும்தான். காதைச் சுற்றி டேப் ஒட்டியும் இரண்டு காதும் நசுங்கி ரொட்டி மாவு மாதிரி ஆகிவிட்டன. இங்கே படிக்க வந்த பல்கலைக்கழகத்தில் தொடங்கி கம்பெனி அணி வரைக்கும் இப்படித்தான் போயிற்று என் காலம். ஜப்பான் நாட்டு அணிச் சட்டையை நான்கு முறை போட்டேன்; இந்த ஆட்டத்தில் அதற்குச் சில வருசம் இங்கே இருந்தாலே போதும். நான்கிலும் அதிகம் பார்த்தது புல்லைத்தான்.

சின்ன வயதில் நம்மூர் கிளப் மைதானத்தில் அப்பா சுண்ணாம்புக் கோடு போடுவார், நான் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன். கோட்டை மிதித்தால் திட்டுவார். அங்கே வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன விளையாட்டைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டேன். கடைசி ஆட்டம் முடிந்ததும் கோட்டின் மேல் கால் படாமல் வெளியே வந்தேன் என்று அப்பாவிடம் சொல்.

கழுத்துக்கு இன்னும் வைத்தியம் நடக்கிறது. வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். காணியை அப்பா பெயரிலேயே எழுதுங்கள். அதுதான் நல்லது.

அன்புடன்,
க. பிரதாப்


டயகம
21 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு மாரியம்மனை வேண்டுகிறோம்.

கோட்டை மிதிக்காமல் வந்த கதையை அப்பா திரும்பத் திரும்பப் படித்தார். கண் கலங்கியது. உடனே புகை என்றார். அடுப்பு அப்போது மூட்டியிருக்கவே இல்லை.

ஆனால் காணி விஷயத்தில் உங்கள் பேச்சு செல்லவில்லை. நான் எழுதிக் காட்டியும் பார்த்தேன், காதுக்குள் கத்தியும் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் நான் நாடில்லாத ஆளு. கினிகத்தேனைக் கடையில கள்ளத்தோணின்னு கூப்புட்டான், திரும்பிப் பாத்தேன். வேற என்ன செய்றது? எங்கண்ணன் செல்லசாமிய கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்புனாங்க, கோத்தகிரியில போய்ச் செத்தாரு. பிரஜாவுரிமை கெடச்சதுக்கப்புறம் இந்த வீட்டுல பொறந்த மொதப் புள்ள பிரதாப்பு. மொதக் காணியும் அவன் பேருலதான் இருக்கணும்."

என் பெயரில் எழுதினால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு எழுதுனா மருமவன் வீட்டுக்குப் போயிரும்மா" என்றார். மருமகன் இந்த வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாவம், தட்டைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைமடுவத்தில் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து அப்பாவுக்குக் கால் பிடித்துவிடுகிறவள் நான். பரவாயில்லை, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

அவரே காணி பதிகிற கந்தோருக்குப் போய் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இனி நீங்கள் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும். தீபாவளிக்கு வந்துவிடுங்கள்.

பூரணி


ஃபுகுவோகா
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பூரணிக்கு,

எல்லோரும் நலம்தானே. இங்கே வெயில் தாங்க முடியவில்லை.

தீபாவளிக்கு வர முடியாது. அணியில் இளம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெயரை மாற்ற இன்னும் காலம் இருக்கும், அப்பாவை எப்படியாவது சம்மதிக்க வை. உன் பெயரில் எழுதினாலும் எனக்குச் சந்தோஷம்தான், உண்மையாகச் சொல்கிறேன்.

ஏன் என்று கேட்காதே.

க. பிரதாப்


டயகம
22 செப்டம்பர் 2024

அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம். அப்பா சுகம். ரூபிகா சுகம்.

போன கிழமை உன் கூட்டாளி ஒகாவா வந்தார். கண்டியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவராம். உனக்குச் சொல்லாமல், உன்னை ஆச்சரியப்படுத்த, அக்கரப்பத்தனையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். உன்னைப் போலவே நசுங்கிய காது. அதைப் பார்த்ததுமே அப்பாவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அம்மா வாங்கி வைத்த பூப்போட்ட கோப்பையை எடுத்து, அதில் தேத்தண்ணி கொடுத்தோம். உனக்குத் தெரியும், அது விருந்தாளி வந்தால் மட்டும்தான் அலுமாரியை விட்டு இறங்கும்.

அவர் பேச்சுக்குப் பேச்சு "மொரி, மொரி" என்றார். மொரி நல்லவன், மொரி தள்ளினால் மலை நகரும் என்றார். யாரோ இன்னொரு ஆட்டக்காரன் என்று நினைத்தேன். மச்சான் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் "மொரி யார்?" என்று கேட்டார். ஒகாவா சிரித்துக்கொண்டு சுவரில் இருந்த உன் படத்தைக் காட்டினார். பிறகு தன் போனில் ஒரு படம் காட்டினார். அணி முழுக்க உன்னைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறது. ஏழு வருசத்துக்கு முன்னால் நீ ஜப்பான்காரனாக ஆன நாளில் எடுத்ததாம். எங்களுக்குத் தெரியாது என்று அந்த மனுசனுக்குத் தெரியாது. நாங்களும் சந்தோஷப்படுவோம் என்று நினைத்துக் காட்டினார்.

ஏழு வருசம். அம்மா செத்துப்போன அதே வருசம்.

உன் கடைசி ஆட்டத்துச் சட்டையை அப்பாவுக்கென்று கொண்டுவந்திருந்தார். அப்பா அதை மடியில் விரித்து, முதுகுப் பக்கத்து எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு பேரும்மா இது?" என்றார். "வந்தவரோட பேருப்பா" என்று காதுக்குள் கத்தினேன். "அப்படியா" என்று மடித்து வைத்துவிட்டார்.

நேற்று ஓட்டுப் போடும் நாள். வழக்கம்போல வெள்ளை வேட்டி கட்டி, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றுவிட்டார். வந்து மை வைத்த சுண்டு விரலை ரூபிகாவிடம் காட்டி, "இந்த மைக்கு எங்கப்பன் சாகுற வரைக்கும் காத்துக் கெடந்தாரு" என்றார். நான் சமையற்கட்டுக்குள் போய்விட்டேன்.

நீங்கள் என்று எழுத இன்று கை வரவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, துரோகி. காணியில் உன் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு இந்த நாட்டில் ஆள் இல்லை. இதை அப்பாவிடம் யார் சொல்வது?

பூரணி


டயகம
20 ஒக்டோபர் 2024

அண்ணா,

பதில் இல்லை. தபால்காரரைக் கண்டால் அப்பா எழுந்து நிற்கிறார், நான் உட்கார்ந்துகொள்கிறேன். போனையும் நீ எடுப்பதில்லை.

கழுத்து வலி என்று சொல்லாதே. எழுதுவதற்குக் கழுத்து வேண்டாம்.

பூரணி


ஃபுகுவோகா
3 நவம்பர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அப்பா கண்ணில் காட்டாதே.

அணியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இத்தனை இடம்தான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்த வருசம் நியூசிலாந்திலிருந்து என்னைவிட உயரமான ஒருவனைக் கொண்டுவந்தார்கள். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீ ஜப்பானியனாகிவிட்டால் உன் இடம் உனக்கே. இல்லாவிட்டால் வேறு வழி பார்" என்றார். எனக்கு இருபத்தெட்டு வயது. தள்ளுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இங்கே இரண்டு நாட்டை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். கையெழுத்துப் போட்டேன்.

பெயரும் கேட்டார்கள். பழைய பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். கூட்டம் கத்துவதற்குச் சின்னப் பெயராக இருந்தால் நல்லது என்றார் கோச். மொரி என்றால் இங்கே காடு. நம் தோட்டத்துக்கு மேலே இருக்கிற காட்டை நினைத்துக்கொண்டுதான் வைத்தேன். உனக்கு நம்பிக்கை வராது.

அம்மா போன செய்தி வந்தபோது ஆட்டம் இருந்தது என்று சொன்னேன். ஆட்டம் எதுவும் இல்லை. பழைய பாஸ்போர்ட் செல்லாமல் போயிருந்தது, புதியது கைக்கு வந்து கொஞ்ச நாள்தான். அதோடு வந்தால் கட்டுநாயக்கவில் விசாவைக் காட்டி, வெளிநாட்டுக்காரர் வரிசையில் நிற்க வேண்டும். வெளியே அப்பா வேன் பிடித்து வந்து காத்திருப்பார். அம்மாவைப் பார்க்க அனுமதி கேட்டு நிற்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் டிக்கெட் எடுக்காமல் விட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் இன்னும் கஷ்டமாகிப் போயிற்று.

அப்பாவிடம் சொல்லிவிடாதே, பூரணி. இந்த ஒன்றை மட்டும் செய்.

பிரதாப்


டயகம
17 நவம்பர் 2024

அண்ணா,

நாங்கள் இருக்கிறோம்.

அம்மாவைத் தூக்குகிற வரைக்கும் அப்பா ரோட்டு வளைவில் நின்றார். வேன் சத்தம் கேட்டால் இரண்டடி முன்னால் போவார், கொழுந்து லொறி என்றால் திரும்பி வருவார். அப்போது அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. பொழுது சாய்ந்ததும் தோட்டத் தலைவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கொள்ளி வைத்தது நிரஞ்சன். மருமகன் வீட்டுக்குக் காணி போய்விடக் கூடாது, கொள்ளி மட்டும் போகலாம்.

வெட்கமாம். எங்கள் பாட்டனும் அப்பனும் விசா இல்லாமல், நாடு இல்லாமல், கேட்கிறவனுக்கெல்லாம் பதில் சொல்லி நின்றார்களே, அவர்களுக்கு வெட்கம் இருந்திருக்காதா? நம்மவர்கள் கால் தேய நடந்தும் கிடைக்காமல் செத்ததை, நீ ஒரு சட்டைக்காகக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாய். கொடுத்ததைக்கூட மன்னிப்பேன். உன் பிழைப்பு உனக்கு. காட்டின் பெயருக்கு இடம் இருந்தது, அப்பன் பெயருக்கு இடம் இல்லையா? கடிதத்துக்குக் கடிதம் 'க' போட்டுக் கையெழுத்து வைத்தாயே, யாருக்கு அந்த நாடகம்?

அப்பாவிடம் நான் சொல்லமாட்டேன். உன்னைக் காப்பாற்ற இல்லை. இதைப் பெற்ற பிள்ளை வாயால்தான் அவர் கேட்க வேண்டும். தைப் பொங்கலுக்கு முன்னால் கந்தோர் ஆள் வந்து பெயர்களைச் சரிபார்க்கிறார். உன் பெயருக்கு ஆள் இல்லையென்றால் துண்டு வேறு வீட்டுக்குப் போய்விடும். அதற்குள் நீ அவருக்கு எழுது. நேராக எழுது. அவர் வைவார், அழுவார், ஆனால் தாங்குவார். தாங்கித்தான் பழக்கம்.

எழுதுவாய் என்று இன்னும் நினைக்கிறேன். என்ன செய்வது, நீ அண்ணன்.

பூரணி


ஃபுகுவோகா
8 டிசம்பர் 2024

அன்பும் மதிப்பும் நிறைந்த அப்பாவுக்கு,

உங்கள் மகன் பிரதாப் வணங்கி எழுதுவது. நான் இங்கே நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? குளிர் காலம் தொடங்கிவிட்டதால் இடுப்பில் கட்டுகிற சூட்டுப் பட்டி ஒன்று அனுப்பியிருக்கிறேன். பகலில் கட்டிக்கொண்டு படுக்கும்போது கழற்றி வையுங்கள்.

உங்களிடம் ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கழுத்து வைத்தியம் முடிய இன்னும் ஒரு வருசம் ஆகும் போலிருக்கிறது. அதனால் பொங்கலுக்கும் வர முடியவில்லை. அடுத்த வருசம் கட்டாயம் வந்துவிடுகிறேன். கோயிலுக்கு மேலே இருக்கிற துண்டில் நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்று நினைக்கிறேன்.

காணி விஷயத்தில் உங்கள் விருப்பம்போலச் செய்யுங்கள். உங்கள் விருப்பம்தான் என் விருப்பம்.

பூரணியிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
க. பிரதாப்


டயகம
15 ஜனவரி 2025

மதிப்புக்குரிய மொரி ஐயா அவர்களுக்கு,

கணேசமூர்த்தி வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் நலமும், உங்கள் கழுத்தின் நலமும் அறிய ஆவல். நேற்றுப் பொங்கல் நல்லபடி நடந்தது. எனக்கு எழுத்து அவ்வளவு வராது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் நண்பர் கொண்டுவந்த சட்டையில் இருந்த பெயரை நான் அன்றைக்கே படித்துவிட்டேன். கிளப்பில் புள்ளிப் பலகைக்கு இங்கிலீசு எழுத்துகளை எடுத்து மாட்டியது நான்தான், அது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. வந்தவர் தன் பெயர் ஒகாவா என்று முதலிலேயே எழுதிக் காட்டியிருந்தார். சட்டையில் வேறு பெயர் இருந்தது. படத்தையும் பார்த்தேன், தோளில் இருந்தது யார் என்றும் பார்த்தேன். பூரணி எனக்காக ஒரு பொய் சொன்னாள். அவளுக்குப் பொய் வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு அவளை உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் மகன் எழுதுவான் என்று காத்திருந்தேன்.

டிசம்பரில் கடிதம் வந்தது. முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும் என்ற வரியைப் படித்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அதற்குக் கீழே விஷயம் இல்லை. கடிதத்தைத் திருப்பியும் பார்த்தேன்.

நாட்டை மாற்றிக்கொள்வது பெரிய குற்றம் இல்லை. எங்கள் ஆட்களை அரசாங்கத்தார் கேட்காமலேயே மாற்றினார்கள். எங்கள் அண்ணன் கப்பலில் ஏறும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத்தான் போனார். சொல்லிவிட்டுப் போனார். அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கந்தோர் ஐயா வந்தார். பெயரை மாற்றச் சொன்னேன். யார் பெயர் என்று கேட்டார். கணேசமூர்த்தி பூரணி என்றேன். கல்யாணம் முடிந்த பிள்ளைக்குப் புருசன் பெயரைத்தானே முன்னால் போடுவார்கள் என்றார். என் பெயரைப் போட எனக்கு வேறு பிள்ளை இல்லை என்று சொன்னேன். பூரணி அழுதாள், சந்தோஷத்தில் இல்லை. "மிச்சமானதுக்குத்தான் நானாப்பா?" என்று எழுதிக் காட்டினாள். அவள் கேட்டது நியாயம்.

சூட்டுப் பட்டி கிடைத்தது, நன்றாக இருக்கிறது. இப்போதும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். மழை குறைந்த மாசங்களில் மலை நன்றாகத் தெரியும். நீங்களும் விசா எடுத்து வாருங்கள், எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். ஆணியில் தொங்கின எனாமல் கோப்பையை ரூபிகாவுக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் குறை ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி தருவோம்.

இப்படிக்கு,
பூரணியின் அப்பா,
கணேசமூர்த்தி